தண்ணீர்மலை ஓடைகளில் மணலுக்கும் வழி விடுங்கள்

பினாங்குத் தீவின் மலை ஓடைகளையும் வடிகால்களையும் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் தண்ணீர்மலை அடிவாரத்தில் நாற்பது ஆண்டுகளாக வசிப்பவன். இடைநிலைப்பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிற்றோடையில் பழைய தடுப்பணை ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியவர் யார் என்பது அக்கம்பக்கத்தில் எவருக்கும் நினைவில்லை. விளிம்பு வரை மணல் நிரம்பிவிட்டதால் இப்போது அது தண்ணீரைத் தேக்குவதுமில்லை, வெள்ளத்தைத் தணிப்பதுமில்லை. அணைக்குக் கீழேயோ படுகை ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகி, கரையோர மரங்களின் வேர்கள் வெளியே தெரிகின்றன. இத்தகைய அணைகளைத் தூர் வாருவதா, உயர்த்துவதா, அகற்றுவதா என்று முடிவெடுக்கும்போது தண்ணீரின் கணக்கோடு மணலின் கணக்கையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இத்தீவின் மலைகள் கிரானைட்டால் ஆனவை. ஓயாத வெப்பமும் மழையும் அப்பாறையை ஆழம் வரை சிதைக்கின்றன: அதிலுள்ள கனிமங்களில் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் மணலாக உதிர்கிறது, சிதையாமல் எஞ்சிய நடுப்பகுதிகள் உருண்டைப் பாறைகளாக மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. சுற்றியுள்ள மண்ணை மழை கழுவிச் சென்றபின் வெளிப்படுபவையே ஓடைகளில் நாம் காணும் பெரும்பாறைகள். பார்ப்பதற்கு அவை ஓடைக்குத் தடையாகத் தோன்றலாம். உண்மையில் நீர் ஒரு பாறையிலிருந்து அடுத்த மடுவில் விழுந்து விழுந்து இறங்குவதால்தான் அதன் வேகம் மலையிலேயே அடங்குகிறது. அவற்றை உடைத்து எடுத்துவிட்டு இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பினால், அந்த வேகம் அடிவார வீடுகளுக்கு வந்து சேரும். பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கிலுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் நிலைமை வேறு; அங்கே மழைநீரில் பெரும்பகுதி பிளவுகள் வழியே நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஓரிடத்துக்கு வரைந்த வடிகால் திட்டத்தை அப்படியே இன்னோரிடத்தில் பொருத்த முடியாததற்கு இதுவே காரணம்.

இங்குள்ள மலைகளின் உச்சி ஏறத்தாழ 833 மீட்டர். அங்கிருந்து கடல் சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆகவே மேலே கொட்டும் மழை ஒரு மணி நேரத்துக்குள் ஓடையை நிரப்பி, சுங்கை பினாங்கு ஆற்றில் சேர்ந்து, கடல் பொங்கியிருக்கும் வேளையாக இருந்தால் வெளியேற வழியின்றி ஊருக்குள் திரும்புகிறது. பெருவெள்ளம் வந்த 2017 நவம்பர் 4 இரவை இத்தீவில் வாழும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது என்பது இயற்பியல். இனி வரும் மழைகள் இன்னும் கனமாகவே பெய்யும் என்று கருதித் திட்டமிடுவதே பொறுப்பான செயல்.

தடுப்பணை மணலைப் பிடித்துக்கொள்வதால் கீழே செல்லும் நீர் வெறுமையாகச் செல்கிறது. சுமக்க மணலில்லாத அந்த நீர் தன் படுகையையே அரித்துச் சுமக்கிறது. எங்கள் ஓடையில் வேர்கள் வெளியே தெரிவதற்குக் காரணம் இதுதான். அணைக்குப் பின்னால் மண் சேர்வது பெரிய அளவில் எப்படி முடியும் என்பதைக் கேமரன் மலையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் பார்க்கலாம். 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணைக்குப் பின்னால், மேற்சரிவுகளில் காடழித்துச் செய்த பயிர்த்தொழிலின் மண் வந்து குவிந்து, தூர் வாருவது ஓயாத வேலையாகிவிட்டது.

அகற்றுவது என்றாலும் ஒரே நாளில் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து உடைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் குறுக்கே இருந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக, இடையிடையே நிறுத்தி நிறுத்தி இறக்கினார்கள். அவற்றின் பின்னால் ஏறத்தாழ 2 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கியிருந்தது. அது கலங்கி வரும் என்று முன்கூட்டியே அறிந்திருந்ததால், கீழேயுள்ள நகரத்துக்கு நீர் சுத்திகரிப்பு ஆலையை முதலில் கட்டினார்கள். செங்குத்தான அந்த ஆறு மணலை விரைவாகவே கடலுக்குத் தள்ளியது. அரித்துச் சுருங்கிக்கொண்டிருந்த கழிமுகம் மீண்டும் வளர்ந்தது. ஒரு நூற்றாண்டாகத் தடுக்கப்பட்டிருந்த சால்மன் மீன்கள் மேலேறின. அது உறைபனி உருகி ஓடும் ஆறு, நம்முடையது திடீர் மழையின் ஓடை; ஆகவே நீரின் அளவையும் காலத்தையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் முதலில் வண்டலை அளந்து, பிறகு அணையைத் தொட்ட அந்த ஒழுங்கு நமக்கும் பொருந்தும். நம் நன்னீர் இறால்களிலும் சில இனங்கள் குஞ்சுப் பருவத்தில் உவர்நீருக்குச் சென்று மீள்பவையே. சிறு தடுப்பணையும் அவற்றுக்குப் பெருஞ்சுவர்.

ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளைப் பற்றி நான் பேசவில்லை. அவை நம் குடிநீர். அவை இருக்கத்தான் வேண்டும். பயனிழந்த சிறு தடுப்பணைகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் எவ்வளவு மணல், எவ்வளவு களிமண் என்று அளந்து வெளியிடுங்கள். அகற்றத் தகுந்தவற்றை மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அடுக்கடுக்காக இறக்குங்கள். பாறைகளை ஓடையிலேயே விட்டுவையுங்கள்.

எங்கள் ஓடையின் படுகை மட்டத்தைப் பதினோர் ஆண்டுகளாக ஒவ்வொரு தைப்பூசத்துக்கு மறுவாரமும் அளந்து குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டைத் தங்கள் பொறியாளர்களிடம் ஒப்படைக்கவும், அவர்களோடு ஓடை நெடுக நடந்து காட்டவும் எந்த நாளிலும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தண்ணீர்மலை அடிவாரக் குடியிருப்பாளர் ஒருவர்,
பினாங்கு