ஏழாவது வாரத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மூன்றாம் ஆண்டுப் படிப்பே பெரும் சுமையாக இருக்கும்போது, வெளிநாடுகளிலிருந்து வரும் முதலாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை ஏன் ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டிருந்தீர்கள்.

புதியவர்களுக்கு இங்கே வரவேற்பு வாரம் உண்டு. வளாகத்தைச் சுற்றிக் காட்டி, விசா விதிகளையும் மருத்துவக் காப்பீட்டையும் ஒரே மூச்சில் விளக்கிவிடுவார்கள். ஆனால் முதல் கட்டுரை மதிப்பெண்ணோடு திரும்பி வரும் ஏழாவது வாரத்தில்தான் மனம் உடைகிறது. அப்போது வரவேற்றவர்கள் யாரும் அருகில் இருப்பதில்லை. அமெரிக்காவில் தங்கிய 200 நார்வே நாட்டவரைப் பற்றி ஸ்வெரே லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். 6 மாதத்துக்குள் இருந்தவர்களையும் 18 மாதத்தைக் கடந்தவர்களையும் விட, இடைப்பட்ட காலத்தில் இருந்தவர்களே அதிகம் தடுமாறினார்களாம். தொடக்க நாட்களே மிகக் கடினம் என்று சொல்லி, பிற்கால ஆய்வாளர்கள் சிலர் இதை மறுத்திருக்கிறார்கள். எப்படியானாலும், ஒரு வாரத்தோடு உதவி நின்றுவிடுவது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

பேராசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரம், மாணவர்களின் ஐயங்களுக்காகவே அறையில் காத்திருப்பார்கள். ஒரு மாணவன் மூன்று வாரமாக அந்தத் தாழ்வாரம் வரை சென்று திரும்பியிருக்கிறான். கேள்வி எழுதிய தாள், மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. கேள்வி கேட்டால் வகுப்பைக் கவனிக்கவில்லை என்று எண்ணிவிடுவாரோ என்பது அவனுடைய அச்சம். நான் உடன் சென்று கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றேன். ஐந்து நிமிடத்தில் வந்தவன் கையில் அதே தாள். அதன் பின்புறம் பேராசிரியர் பென்சிலால் வரைந்த படம். மறுவாரம் தனியாகவே சென்றான்.

இன்னொரு மாணவி, அறிஞரின் சொற்களை மாற்றுவது அவமதிப்பு என்று நினைத்து, மேற்கோள் குறியின்றி அப்படியே எழுதிவிட்டு, கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டுக் கடிதத்தோடு அழுதுகொண்டு வந்தாள். எச்சரிக்கைச் சுற்றறிக்கையால் இது புரியாது. அவளுடைய கட்டுரையையே வைத்துக்கொண்டு வரி வரியாக உட்கார்ந்து பார்த்தோம்.

அப்பா, முதலாண்டில் நான் தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னது பல வாரங்களில் உண்மையில்லை. வகுப்புக்கு வெளியே ஒருவரிடமும் பேசாமல் இருந்தேன். அழைக்காமலேயே என் அறைக் கதவைத் தட்டியவர் ஒரு மூத்த மாணவி. அதன்பின் வாரந்தோறும் வந்தார்.

இது எங்களுக்கு ஏழாவது வாரம். இன்று மாலை ஐந்து பேரைப் பார்க்க வேண்டியிருப்பதால், உங்களை அழைக்கச் சற்றுத் தாமதமாகும், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்பு மகள்