சாயங்காலப் பசிக்குப் பழம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். குற்றாலத்தில் சாரல் விடாமல் பெய்கிறது. பேரருவிக்குப் போகும் வழியெல்லாம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருக்கிறார்கள். விலையைக் கேட்டால்தான் குளிர் எடுக்கிறது. நீ என்னவென்றால், அந்த மரங்களின் சொந்த மண்ணான கோலாலம்பூரிலேயே உட்கார்ந்துகொண்டு, நாலு மணிப் பசிக்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறேன் என்கிறாய். இது அடுக்குமா?

இப்போது அங்கேயும் சீசன்தான். மங்குஸ்தானை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து எடு. தோல் லேசாக அமுங்க வேண்டும். இறுகிப்போயிருந்தால் உள்ளே கெட்டிருக்கும். அடியில் பூப்போல ஒரு தழும்பு தெரியும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமுள்ளதாகப் பொறுக்கினால் சுளை சின்னதாக இருக்கும், பெரும்பாலும் கொட்டையும் இருக்காது. கத்தி வேண்டாம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தித் திருகு, பிளந்துகொள்ளும். மஞ்சள் பிசின் ஒட்டிய சுளை கசக்கும், தள்ளிவிடு. தோலின் சாறு துணியில் பட்டால் லேசில் போகாது. ஆபீஸுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிற நாளில் இந்த வேலை வேண்டாம்.

ரம்புட்டானில் முடி வாடாமல் இருந்தால் புதிது, கருகியிருந்தால் பழசு. கொத்தாக வாங்கினால் எறும்பு இருக்கும். கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு எடு. கொட்டையைக் கடிக்காதே.

இதெல்லாம் சீசனுக்கு. தினப்படிக்குக் கொய்யாதான். நம்மூர்ப் பழம்தானே என்று அலட்சியப்படுத்தாதே, அதுவும் ஒரு காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். 100 கிராமில் 200 மில்லிகிராமை ஒட்டி வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் 50 சொச்சம். நார்ச்சத்தும் உண்டு, அதனால் ராத்திரிவரை பசி தாங்கும். போன வருஷம் நான் வந்திருந்தபோது பார்த்தேனே, வெட்டின கொய்யாமேல் அசாம்போய் என்கிற புளிப்புப் பிளம் பொடியைத் தூவிக் கொடுக்கிறார்கள். ருசிதான், ஆனால் உப்பும் சர்க்கரையும். பொடி வேண்டாமென்று சொல்லி வாங்கு. ஜூஸும் வேண்டாம், நார் போய்விடும், மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர்.

அப்புறம் துரியன். உன் அத்தை, "அவளை நிறையத் துரியன் சாப்பிடச் சொல்லு, சீக்கிரம் நல்ல சேதி வரும்" என்று நச்சரிக்கிறாள். இங்கே குழந்தைக்காகவென்றே அந்தப் பழத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள், பாவம். அதற்கு ஆதாரமென்று எதுவும் கிடையாது. பிடித்தால் சாப்பிடு, பிடிக்காவிட்டால் விடு. ஆனால் 100 கிராமுக்கு 150 கலோரி வரை வரும், இரண்டு சுளையோடு நிறுத்து. அதன் வாடைக்கு உங்கள் ஊர் எல்.ஆர்.டி ரயிலில் எடுத்துப் போகக் கூடாது என்பது உனக்கே தெரியும்.

ஒன்று மட்டும் மறக்காதே. சம்பந்தி அடுத்த மாதம் அங்கே வருகிறார் என்றாய். அவருக்குக் கிட்னிக் கோளாறு இருக்கிறதல்லவா? நட்சத்திரப் பழம் வெட்டிக் கொடுத்துவிடாதே, அதன் ஜூஸும் கூடாது. அதிலுள்ள நச்சைக் கெட்டுப்போன கிட்னியால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கலில் ஆரம்பித்து, புத்தி தடுமாறி, வலிப்புவரை போகும். துரியனிலும் பொட்டாசியம் அதிகம், அதுவும் வேண்டாம். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, அவர்தான் ஆசையாக அப்பாவுக்கு எதையாவது வாங்கிக் கொடுப்பார்.

மற்றவை போனில்.

அம்மா