வரிக்கு ஒரு வேலை

அன்பு மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும்தான் நிம்மதி.

வேலைகளைக் குறித்துவைக்க எந்தச் செயலி நல்லது என்று கேட்டிருந்தாய். மூன்று செயலிகளில் வாடகைக்கு இருந்து பார்த்தவன் நான். கடைசிக்காரர்கள் கடையைச் சாத்தியபோது நான்கு வருடக் குறிப்புகளும் உள்ளேயே போயின. இப்போது என்னிடம் இருப்பது சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றுதான்.

வரிக்கு ஒரு வேலை. "ஓடு மாற்ற ஆள் பார் +ஊர்வீடு", "கண்ணாடி வாங்கு @கடைத்தெரு", இப்படி. கூட்டல் குறி எந்தக் காரியம் என்று சொல்லும். @ எங்கே முடிப்பது என்று சொல்லும். அவசரமானால் வரியின் தலையில் (அ). முடிந்தால் ஓர் எக்ஸ். ஜினா டிரபானி என்பவர் 2006-இல் கொண்டுவந்த முறை. ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் 'அ' போட்டது மட்டும் என் வேலை.

போன மாதம் மோட்டாருக்குக் காயில் எப்போது கட்டினோம் என்று தம்பி கேட்டான். 'மோட்டார்' என்று தேடினேன். ஒரே வருடத்தில் இரண்டு முறை கட்டியிருக்கிறோம்! அந்தக் கடைப்பக்கம் இனித் தலைவைத்துப் படுப்பதில்லை.

மணியடித்து நினைவூட்டாது என்பது குறைதான். மாத்திரைக்கு இன்னும் அலாரம்தான் வைக்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. கோப்பைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 (UTF-8) என்று பார்த்துச் சேமி; எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூனிகோடு முறை அது. பழைய நோட்பேடில் தமிழ் தெரியாத 'அன்சி' (ANSI) முறை இருப்பதைக் கவனிக்காமல் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். எழுத்துக் கோப்பு எக்காலமும் நிற்கும் என்று ஆங்கிலக்காரன் சொல்லலாம். நமக்கு அப்படியா இருந்தது? 2001-இல் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் நான் அடித்த குறிப்புகள் ஒரு பழைய சிடியில் கிடைத்தன. திறந்தால் ஒரே கிறுக்கல். யூனிகோடு மாற்றியில் போட்டதும் புள்ளி பிசகாமல் தமிழ் எழுந்து வந்தது. செயலிக்குள் போனது போனதுதான், இது மீண்டுவிட்டது.

அதில் ஒரு வரி: "மாப்பிள்ளைக்கு 500 ரூபாய் திருப்பித் தர வேண்டும்." கொடுத்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை. உனக்கு நினைவிருக்கிறதா? எதற்கும் (அ) போட்டுப் புதுக் கோப்பில் ஏற்றிவிட்டேன். தைக்கு ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள். வட்டி மட்டும் கேட்காதே.

அன்புடன்,
உன் பழைய கடன்காரன்