கோட்டை இல்லாத வேலூர்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. தாமதத்துக்குப் பழியை முழங்கால் மேல் போட மாட்டேன். தங்கை மகள் வந்து பத்து நாள் தங்கியிருந்தாள். நகர வாழ்க்கையைப் பற்றி முதுகலை ஆய்வாம். வந்த அன்றே வெள்ளைத்தாளை நீட்டி, "மாமா, எதையும் பார்க்காம வேலூரை வரைஞ்சு குடுங்க" என்றாள்.

நடுவில் கோட்டை, சுற்றி அகழி, பழைய பஸ் நிலையம், நாம் சுற்றிய லாங்கு பஜார் என்று போட்டேன். உன் தங்கச்சியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒன்று வரைந்தாள். அதில் நேதாஜி மார்க்கெட், மண்டி வீதி, ரேஷன் கடை, தையல்காரர் வீடு. கோட்டையே இல்லை! கேட்டால், "அங்க எனக்கு என்ன வேலை?" என்கிறாள். நாற்பது வருடமாக ஒரே ஊரில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி வரையச் சொல்வது பழைய வழிதானாம். கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்கர் பாஸ்டன் முதலிய நகரங்களில் மக்களிடம் இப்படித்தான் கேட்டு 1960-ல் புத்தகமாக எழுதியிருக்கிறார்.

மறுநாள் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ் தெருவுக்குப் போனோம். பெயர்ப்பலகை பாதி வங்காளத்தில். அப்பாவின் வைத்தியத்துக்காக வந்து இரண்டு மாதமாகத் தங்கியிருக்கும் ஒருவர், எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்திலேயே வரைந்தார். காட்பாடி ஸ்டேஷன், ஆஸ்பத்திரி வாசல், மருந்துக்கடை, மீன் விற்கும் இடம், வாடகை அடுப்பு கிடைக்கும் கடை. அவ்வளவுதான் வேலூர். கோட்டை நடக்கும் தூரத்தில் இருக்கிறது, பார்க்கவில்லையாம்.

செல்போன் கணக்கை வைத்துக் கூட்டம் எங்கே போகிறது என்று இப்போது சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அவர் ஏன் படியில் உட்கார்ந்து எக்ஸ்ரேயை மறுபடி மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார் என்பதை அது சொல்லாது.

அதற்காக எண்ணிக்கையை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. இதே வேலூரில் 2002-ல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள், சி.எம்.சி.காரர்கள். வாரம் இரண்டு தடவை வீட்டுக்கே போய், பேதி உண்டா என்று விசாரிப்பார்கள். குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒருமுறை வந்தால் அடுத்த முறைக்கு எவ்வளவு காப்பு கிடைக்கும் என்பதே கேள்வி. மெக்சிகோவில் இதேபோல் பார்த்ததில் இரண்டு தொற்றோடு கடும் பேதி நின்றதாம். இங்கே மூன்று வந்த பிறகும் காப்பு 79 சதவீதம்தான் என்று 2011-ல் வெளியிட்டார்கள். உட்கார்ந்து பேசினால் மட்டும் இது தெரிந்திருக்குமா? ஆனால் அத்தனை தடவை வாசலில் நின்று விசாரித்த பணியாளர்களுக்கு அந்தத் தெருவைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கும்! அதைப் பதிவுசெய்யப் படிவத்தில் இடம் இருந்திருக்காது.

கடைசியில் எல்லாத் தாளையும் பரப்பிப் பார்த்தாள். யாருமே பாலாற்றை வரையவில்லை. 2021 நவம்பர் வெள்ளத்தைப் பாலத்தில் நின்று வாய்பிளந்து பார்த்தவன் நான், எனக்கே தோன்றவில்லை பார்.

நீ போகும்போது இது வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் ஒருமுறை, 2019-ல் ஒருமுறை என்று பிரித்துவிட்டார்கள். உன் தலைக்குள் இருக்கும் வேலூருக்கு அதெல்லாம் தெரியாது. சரி, போனைத் தொடாமல் ஒரு தாளில் வரைந்து அடுத்த கடிதத்தோடு வை. உங்கள் வீட்டுக் கிணற்றை மறக்காமல் போடு. இப்போது அந்த இடத்தில் லாட்ஜ்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சுத் தோழன்