தொத்திறைச்சியும் ஒரு சட்ட ஓட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பெனிகள் கூடிப்பேசி விலையை ஏற்றினால் பெரிய அபராதமாகப் போட்டால் போதும் என்பவர்கள் ஜெர்மனியின் தொத்திறைச்சி (சாசேஜ்) கதையைக் கேட்க வேண்டும்.

ஹாம்பர்க்கில் ஆல்ஸ்டர் ஏரிக்கரையில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது அட்லாண்டிக் ஹோட்டல். விலையைக் கூடிப்பேசி ஏற்றிய தொத்திறைச்சித் தயாரிப்பாளர்கள் முதலில் கூடியது அங்கேதான். அதனால் அந்தக் கூட்டணிக்கே ‘அட்லாண்டிக் வட்டம்’ என்று பெயர். 2014-இல் பான் நகரிலுள்ள மத்திய கார்டெல் அலுவலகம் (கம்பெனிகள் இப்படிக் கூட்டுச் சேர்வதைத் தடுக்கும் அரசு அமைப்பு) 21 நிறுவனங்களுக்கும் 33 தனிநபர்களுக்கும் சேர்த்துச் சுமார் 33.8 கோடி யூரோ அபராதம் விதித்தது.

சரி, பணம் கைக்கு வந்ததா? முழுதாக வரவில்லை. ஒரு குழுமம், அபராதம் விழுந்த துணை நிறுவனங்களின் சொத்தை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிவிட்டு, அவற்றையே இல்லாமல் ஆக்கிவிட்டது. காலி செய்த வீட்டின் கதவில் நோட்டீஸ் ஒட்டிய கதைதான். அந்தக் குழுமத்துக்கு மட்டும் 12.8 கோடி யூரோ மிச்சம்! ஜெர்மன் பத்திரிகைகள் இதற்குத் ‘தொத்திறைச்சி ஓட்டை’ என்றே பெயர் வைத்தன.

1958 முதல் நடப்பில் உள்ள வணிகப் போட்டிச் சட்டத்தை 2017-இல் திருத்தித்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். இப்போது அபராதத்துக்குத் தாய் நிறுவனமும், தொழிலை வாங்கிக்கொண்ட நிறுவனமும் பொறுப்பு. அப்புறம், இப்படிக் கூடிப்பேசியவர்களில் முதலில் வந்து அதிகாரிகளிடம் உண்மையைக் கக்குகிற கூட்டாளிக்கு அபராதமே கிடையாது. காட்டிக்கொடுத்தவனுக்குப் பரிசா என்று எனக்கும் முதலில் எரிச்சல்தான். ஆனால் மூடிய அறையில் பேசியதை உள்ளே இருந்தவனைத் தவிர வேறு யார் சொல்வது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்