வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவு

பேராவூரணி

அன்புள்ள மீனா,

நலம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலை. சின்னவள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். தென்னையில் இந்த வருஷம் காய்ப்பு சுமார்தான், விலை கைகொடுக்கிறது. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ஜூன் மாதம் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் கூட்டம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் தாமதம்.

நீ கேட்டதை ஆற அமர யோசித்தேன். அரிசி, பால், காய்கறி, பெட்ரோல் என்று பைசா விடாமல் நோட்டில் எழுதுகிறாய். சம்பளம் 38,000, மாதச் செலவு 30,000-ஐத் தாண்டவில்லை. அப்படியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை, போன வருஷம் கைமாற்று வாங்கித்தான் சமாளித்தோம் என்கிறாய். பிள்ளைகளுக்குப் பாலைக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பாலில் கை வைக்காதேடி. பணம் போகிற வழி அதுவல்ல.

உன் நோட்டில் இருப்பது மாதச் செலவு மட்டும். வருஷத்தில் ஒருமுறை, இருமுறை வருகிற செலவுக்கு அதில் இடமே இல்லை. நீயே முன்பு எழுதிய கணக்குகளை வைத்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கூல் பீஸ், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து 45,000. எல்ஐசி பிரீமியம் 18,000. தீபாவளிக்குத் துணிமணி, பலகாரம், ஊருக்கு வந்து போகிற செலவு 20,000. பொங்கல் 6,000. வீட்டுவரி அரையாண்டுக்கு ஒன்றாக இரண்டும் சேர்த்து 3,000. வண்டி இன்சூரன்ஸ் 2,000. கல்யாணம், காதுகுத்து, புதுமனை, மொய் என்று 26,000. கூட்டினால் 1,20,000 வருகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,000.

அப்படியானால் உன் சம்பளம் 38,000 இல்லை மீனா, 28,000. மீதி பத்து ஏற்கெனவே ஜூனுக்கும் ஐப்பசிக்கும் எழுதிவைத்த பணம். நீ 28,000-ஐ வைத்துக்கொண்டு 30,000 செலவு செய்கிறாய். மாதம் 2,000 துண்டு விழுகிறது, வருஷத்துக்கு 24,000. நீ வாங்கிய கைமாற்றும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும், எடுத்துப் பார்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சங்கத்தில் நான் உட்கார்கிற நகைக்கடன் கவுண்டர். ஜூன் முதல் வாரத்தில் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த சங்கிலியை அவிழ்த்து வைப்பார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, தராசில் வைத்து எடையைச் சொல்வார். ரசீதில் கையெழுத்துப் போடும்போது அவர்கள் கண் நகை போகிற பையிலேயே இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மாட்டிக்கொண்டு வந்து தாலிக்கொடியையே வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இவர்கள் யாரும் ஊதாரிகள் இல்லை. ஒரு டீகூட வெளியே குடிக்காதவர்கள். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பது போன வருஷமே தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தப் பணத்தை ஜூலையிலிருந்தே எடுத்துவைக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு அவர்கள் கட்டுகிற வட்டியைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நீ அந்த வரிசைக்கு வரக்கூடாது.

செய்யவேண்டியது இதுதான். சம்பளம் விழுந்த அன்றைக்கே இந்தப் பத்தாயிரத்தைத் தனியே பிரித்துவிடு. மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. பீஸுக்கு மட்டும் பாங்க்கில் 12 மாத ஆர்டி ஒன்று போடு: மாதம் 3,750 கட்டினால் அடுத்த ஜூனில் 45,000 வட்டியோடு கைக்கு வரும். தபால் ஆபீஸ் ஆர்டி நல்லதுதான், ஆனால் அது 5 வருஷம், வருஷா வருஷம் எடுக்கிற பணத்துக்குச் சரிவராது. மீதி 6,250-க்கு வேறொரு சேமிப்புக் கணக்கு. அதை ஜிபேயில் இணைக்காதே, ஏடிஎம் கார்டும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வர ஆரம்பித்த நாளிலிருந்து அந்த 1,000-ஐத் தொடவே இல்லை, அப்படியே ஆர்டிக்குப் போகிறது. தீபாவளி முழுக்க அதில்தான்.

கரண்ட் பில்லும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியை முதல் மாதமே எடுத்துவை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஏறிவிடுகிறது. கோடையில் ரீடிங் எடுக்க வருவதற்கு முன்னால் மீட்டரை நீயே ஒருமுறை பார்த்துக்கொள்.

மொய் விஷயத்தில் கோயம்புத்தூரில் யாரும் உனக்குப் புத்தி சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். நம் பக்கம் ஆடி, ஆவணி வந்தால் இங்கிருந்து கீரமங்கலம், வடகாடு வரைக்கும் மொய் விருந்துதான், மொய் வாங்குவதற்கென்றே போடுகிற விருந்து. ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. மொத்தமாகக் கைக்கு வருகிற பணத்தைச் சிலர் வரவு என்று நினைத்துவிடுகிறார்கள். அது வரவு இல்லை, வட்டியில்லாத கடன். மொய் நோட்டில் இருக்கிற ஒவ்வொரு பெயருக்கும் பழைய மொய்யைத் திருப்பி, அதோடு புதிதாகவும் கொஞ்சம் சேர்த்து வைக்கவேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னை மொத்தமும் சாய்ந்தபோது என்ன ஆயிற்று என்று பார்த்தோமே. வருமானம் போய்விட்டது, நோட்டு போகவில்லை. திருப்பி வைக்கமுடியாமல் விருந்துக்குப் போகவே கூசியவர்களை எனக்குத் தெரியும். மொய் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பாங்க் கதவு திறக்காதவனுக்குப் போர்வெல் போடவும் கடை வைக்கவும் கைகொடுத்தது அதுதான். ஆனால் அடுத்த இரண்டு வருஷத்தில் யார் யார் வீட்டில் விசேஷம் வரும், யாருக்கு எவ்வளவு வைக்கவேண்டும் என்று இப்போதே எழுதி, அந்த 26,000-க்குள் வருகிறதா என்று பார்த்துவிடு.

இனி அந்த 2,000 துண்டு. அதை நீ தனியாக அடைக்க முயற்சி பண்ணாதே. உன் வீட்டுக்கார அண்ணனையும் உட்காரவைத்து இரண்டு பேருமாகப் பேசுங்கள். அவர் போன் இஎம்ஐ இன்னும் எத்தனை மாதம், கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டுகிறாரா என்று கேள். அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த பாக்கியை அடையுங்கள், அந்த வட்டியைத் தாங்குகிற சேமிப்பு எதுவும் கிடையாது. பெரியவனிடமும் பீஸ் எவ்வளவு என்று சொல். பதிமூன்று வயது, அவனுக்குப் புரியும். இன்னொன்று: உனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கு ஐந்நூறோ ஆயிரமோ கணக்குக் கேட்காத கைச்செலவு இருக்கட்டும். எங்கள் வீட்டில் அதை வைத்த பிறகுதான் பணப் பேச்சில் சண்டை நின்றது. நீ பூ வாங்கினாய், அவர் டீ குடித்தார் என்று எழுதிக்கொண்டிருந்தால் எந்த நோட்டும் மூன்று மாதத்துக்கு மேல் ஓடாது.

இந்த ஆடியில் எங்கள் பெரியப்பா வீட்டில் மொய் விருந்து. பத்திரிகை உனக்கும் வரும். உங்கள் அப்பா எழுதிய பழைய நோட்டு தம்பியிடம்தான் இருக்கவேண்டும், எங்கள் வீட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல். விருந்துக்கு முந்தின நாளே வந்துவிடு. உன் தாளையும் எடுத்துவா, இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா