அப்பாவின் பட்டைப் பொடி

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
டிசம்பர் 7.

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்தால் அன்றைக்கு வெயிலையே பார்க்க முடிவதில்லை. மற்றபடி வேலை, சாப்பாடு, அறை எல்லாம் சௌகரியம்தான்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதக் காரணம் உண்டு. போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "வந்துட்டாங்க பெரிய டாக்டரம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவார். சர்க்கரைக்கு நல்லதென்று வாட்ஸ்அப்பில் வந்ததாம், தினமும் காலையில் ஒரு ஸ்பூன் பட்டைப் பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கிறாராம். தம்பி சொன்னான். அதை நிறுத்தச் சொல்லம்மா.

குழம்புக்கும் பிரியாணிக்கும் போடுகிற பட்டையைச் சொல்லவில்லை. அது ஒன்றும் செய்யாது. நம் மளிகைக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது கெட்டியாக, மரப்பட்டை போலவே இருக்கும் காசியா பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. தினமும் அதிகமாகச் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். இலங்கைப் பட்டை வேறு. மெல்லிசாக, பல அடுக்காகச் சுருண்டு, கையால் நொறுக்கினாலே உடையும். அதில் கூமரின் மிகமிகக் குறைவு.

இது எனக்குத் தெரிந்ததே இந்த ஊர் கிறிஸ்துமஸ் பலகாரத்தால்தான். இந்த மாதம் முழுக்க எங்கே பார்த்தாலும் பட்டை வாசனை. நட்சத்திர வடிவில் பட்டை பிஸ்கட் சுடுகிறார்கள், சிவப்பு ஒயினில் பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கிக் குடிக்கிறார்கள். 2006-ல் அந்த பிஸ்கட்டுகளில் கூமரின் கூடுதலாக இருக்கிறதென்று இங்கே உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு நிறுவனமே எச்சரித்தது. 60 கிலோ எடையுள்ளவர் தினமும் சாப்பிடுவதென்றால் காசியா பட்டை 2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அப்பா எடை அதைச் சுற்றித்தானே இருக்கும்? குவித்து எடுத்தால் ஒரு ஸ்பூனே அதைத் தாண்டிவிடும். சர்க்கரை குறையுமா என்றால், சில ஆய்வுகளில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. மாத்திரையை விட்டுவிட்டு இதை நம்புகிற அளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று நீயே பார். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதே.

அடுத்தது மஞ்சள். இங்கே காபி கடைகளில் மஞ்சள் பால் விற்கிறார்கள், அதுவும் ஓட்ஸ் பாலில்! ஒரு கப் நாலைந்து யூரோ. அந்தக் காசுக்கு ஈரோட்டில் விரலி மஞ்சள் ஒரு கிலோவுக்கு மேலேயே வாங்கலாம். அம்மாயி சளிக்குக் காய்ச்சித் தரும்போது மிளகு தட்டிப் போடுவாரே, அதில் விஷயம் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாகப் போனால் ரத்தத்தில் சேர்வதே இல்லை என்று சொல்லலாம். 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப் பொருளான பிப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடம்பில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. ஆனால் மஞ்சள் பொடியில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். ஒரு டம்ளர் பாலில் நோய் ஓடிவிடாது. தொண்டைக்கு இதமாக இருக்கும், அது போதாதா?

இதையே மாத்திரையாக அடைத்து விற்கும்போதுதான் வம்பு. எங்கள் வார்டில் வயதானவர்களைச் சேர்க்கும்போது, மூலிகை, மஞ்சள் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று தனியாகவே கேட்போம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். இத்தாலியில் 2019-ல் இப்படிப்பட்ட மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சியே வந்தது. பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறதே, அவரிடமும் சொல்லிவை. ரசத்தில் மஞ்சள் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

நம் பாட்டி வைத்தியம் எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. வார்டில் டீ வண்டியில் சோம்பு டீ பாக்கெட் எப்போதும் இருக்கும், வயிறு உப்புசம் என்றால் அதைத்தான் முதலில் கொடுப்போம். முட்டைக்கோஸ் சமைத்தால் சீரகம் மாதிரியே இருக்கும், ஆனால் வாசனை வேறான ஒரு விதையைப் போடுகிறார்கள், வாயு சேராமலிருக்க. மசக்கை வாந்திக்கு இஞ்சி கேட்கும் என்பதை இங்கே டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். பல் டாக்டரிடம் போனால் அடிக்கிற வாசனை கிராம்பினுடையதுதான். ஆனால் சித்தி பேரனுக்குச் சோம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். நாலு வயதுக்குக் கீழே சோம்பு மருந்து வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை சொல்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். சித்திக்குக் கோபம் வரும், நீ பார்த்துச் சொல்.

அப்பாவை இந்த மாதமே மூன்று மாத சர்க்கரை டெஸ்ட்டும் கல்லீரல் டெஸ்ட்டும் எடுக்க வை. ரிசல்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு. பட்டைப் பொடி குடித்ததை டாக்டரிடம் மறைக்க வேண்டாம் என்றும் சொல்.

அப்புறம், தம்பியோடு வேலை பார்ப்பவர் பொங்கல் கழித்து இந்தப் பக்கம் வருகிறாராம். சுக்கும் சாம்பார் பொடியும் கொடுத்தனுப்பு. மஞ்சள் பொடி வேண்டாம், போன முறை அனுப்பியதே பாதி டப்பா இருக்கிறது.

அன்புடன்,
உன் மகள்